மாநிறத் தோலுக்கு எந்த சீரம்? தோலையும் குறையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சீரம் என்பது ஒரு குறைக்கென்று வேலை செய்யும் பொருளைச் செறிவாகக் கலந்து முகத்தில் தடவும் திரவம். அதை வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் பார்ப்பது அந்தப் பொருளின் சதவீதத்தைத்தான். 10% நல்லது என்றால் 20% இன்னும் நல்லது என்று தோன்றும். நம் தோலுக்கு இந்தக் கணக்கு சரிவராது. மாநிறத்திலும் கறுப்பிலும் உள்ள தோலில் எரிச்சல் உண்டானால், சிவந்து அடங்குவதோடு விடாது, கறுத்தும் போகும். கொசு கடித்த இடத்தைச் சொறிந்துவிட்டால் அந்தத் தடம் காலில் மாதக்கணக்கில் நிற்கிறதே, அதே வேலைதான் முகத்திலும் நடக்கிறது. பரு, கீறல், காரமான சீரம், எதுவாக இருந்தாலும் தோல் மெலனின் என்ற நிறமியைக் கூடுதலாகச் சுரந்து அந்த இடத்தைக் கறுக்க வைத்துவிடும்.

அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல், வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்து ஒரு வகைப்பாட்டைக் கொண்டுவந்தார். இன்று அதில் ஆறு வகைகள் உண்டு, ஒன்று மிக வெளுப்பு, ஆறு மிகக் கறுப்பு. நம்மில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறுக்குள் வருவோம். ஆனால் சீரம் பற்றிப் பரவும் ஆலோசனைகள் பலவும் ஒன்றாம், இரண்டாம் வகைத் தோலை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அவர்களுக்குப் பெரிய கவலை சுருக்கம். நமக்குப் பெரிய கவலை கறை. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே நிலைப்பாடுதான்: வேலை செய்யக்கூடிய சீரங்களில் எது உங்கள் முகத்தை எரிக்காமல் இருக்கிறதோ, அதை எடுங்கள்.

முதல் படி: உங்கள் தோல் எந்த வகை?

மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டு முகம் கழுவுங்கள். ஒற்றித் துடைத்துவிட்டு, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் இருங்கள். அப்புறம் ஒரு டிஷ்யூ காகிதத்தை நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று தனித்தனியாக ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரியான கடலோர ஊர்களில் வியர்வையையே எண்ணெய் என்று நினைத்துக்கொள்வது சகஜம். காகிதத்தை ஐந்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். வியர்வை ஈரம் காய்ந்து காணாமல் போகும். எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஊடுருவித் தெரியும் தடமாக நிற்கும்.

எல்லா இடத்திலும் தடம் இருந்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் இருந்தால் கலப்புச் சருமம். எங்கும் இல்லாமல் தோல் இழுத்துப் பிடிப்பது போலவும் வாயோரம் வெள்ளையாகப் பூத்தும் இருந்தால் வறண்ட சருமம். எதுவுமே தொந்தரவு இல்லையென்றால் சாதாரணச் சருமம். உங்களுக்கு சீரம் கட்டாயமே இல்லை.

இதற்கு வெளியே ஒரு நிலை இருக்கிறது. முகம் கழுவியதும் இழுத்துப் பிடிக்கும், இரண்டு மணி நேரத்தில் எண்ணெய் வழியும். நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களிடமும், போர் தண்ணீரில் காரமான ஃபேஸ்வாஷ் போட்டு நாலைந்து தடவை முகம் கழுவுகிறவர்களிடமும் இதை நிறையப் பார்க்கலாம். இது எண்ணெய்ச் சருமம்தான், ஆனால் நீர் வற்றிப்போயிருக்கிறது. எண்ணெயைக் குறைக்கிறேன் என்று அமில சீரங்களில் இறங்கினால் இன்னும் மோசமாகும். முதலில் ஃபேஸ்வாஷை மாற்றி, கழுவுவதை இரண்டு வேளையாகக் குறைத்து, மாய்ஸ்சரைசர் போட்டுத் தோலைத் தேற்றிக்கொண்டு வாருங்கள். சீரம் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு குறையைக் குறித்துக்கொள்ளுங்கள்

பருவும் இருக்கிறது, பருவின் கறையும் இருக்கிறது, முகமும் களையில்லாமல் இருக்கிறது என்றால் மூன்றுக்கும் மூன்று புட்டி வாங்கத் தோன்றும். வேண்டாம். இவற்றில் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்கும். பரு வந்துகொண்டே இருக்கும்போது கறைக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால், பழைய கறை போகப் போகப் புதுக் கறை சேர்ந்துகொண்டே இருக்கும். எனவே பரு முதலில், கறை பிறகு. தோல் எரிச்சலாக இருந்தால் அதைச் சரிசெய்வது இரண்டுக்கும் முன்னால்.

மூன்றாம் படி: குறைக்கு ஏற்ற சீரம்

பருவும் அடைபட்ட துவாரங்களும். இங்கே முதல் தேர்வு சாலிசிலிக் அமிலம். இது எண்ணெயில் கரையும் என்பதால் எண்ணெய் அடைத்திருக்கும் துவாரத்துக்குள் இறங்கி, அங்கே ஒட்டிக்கிடக்கும் இறந்த செல்களைப் பிரித்துவிடுகிறது. 0.5% முதல் 2% வரை கடைகளில் கிடைக்கும். வாரத்தில் இரண்டு இரவு போதும். தோல் ஒத்துக்கொண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். ஷேவிங் செய்யும் ஆண்களுக்குத் தாடையிலும் கழுத்திலும் முடி உள்ளே சுருண்டு வரும் கட்டிகளுக்கும் இது உதவும். ஷேவ் செய்த அன்று மட்டும் தொடாதீர்கள்.

நெற்றி முழுக்க ஒரே அளவில் சின்னச் சின்னதாக, அரிப்போடு பொரிப் பொரியாக வந்தால் அது பருவாக இல்லாமல் மலசீசியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். வெக்கையும் வியர்வையும் அதற்குத் தோது. பருவுக்கான சீரம் அதில் பலன் தராது, எண்ணெய் கலந்த சீரம் அதை வளர்த்துவிடும். தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அரிப்பில்லாத நெற்றிப் பருவுக்குத் தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெய் வழிந்து இறங்குவதும் காரணமாக இருக்கலாம். அதற்கு சீரம் வாங்குவதற்கு முன் எண்ணெய் வைக்கும் நாளைக் குறைத்துப் பாருங்கள்.

எண்ணெய்ப் பசையும் லேசான கறையும். நியாசினமைடுதான் நம் ஊர்த் தோலுக்கு நான் முதலில் சொல்லும் சீரம். இது பி3 வைட்டமின். மெலனின் உருவாகும் செல்லிலிருந்து மேல்தோல் செல்களுக்கு அந்த நிறமி கைமாறுவதை இது தடுக்கிறது. எண்ணெய்ச் சுரப்பைக் கொஞ்சம் குறைக்கிறது, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தடுப்பையும் பலப்படுத்துகிறது. காலையிலும் போடலாம், இரவிலும் போடலாம். ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியது 2% முதல் 5% வரையிலான அளவுதான். கடையில் முன்வரிசையில் நிற்பது 10%. அது சிலருக்குச் சுருக்கென்று குத்தும், முகம் சூடாகும். 5% கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பரு விட்டுப்போன கறை. இதற்கு அஸிலாயிக் அமிலத்தைப் பலமாகப் பரிந்துரைப்பேன். விளம்பரம் குறைவு என்பதால் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். அளவுமீறி வேலை செய்யும் மெலனின் செல்களைத்தான் இது கட்டுப்படுத்தும். சுற்றியிருக்கும் இயல்பான தோலை வெளுக்க வைக்காது. பருவையும் கறையையும் ஒரே நேரத்தில் கவனிக்கும். கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பது உண்டு. கடையில் 10% வரை கிடைக்கும். 15%, 20% மருந்தாகவே வரும், மருத்துவர் சொன்னால் மட்டும். முதல் இரண்டு வாரம் லேசாக நமைச்சல் இருப்பது வழக்கம். ஆல்ஃபா அர்புட்டின் இதற்கு ஒரு மாற்று, இன்னும் சாதுவானது, இன்னும் மெதுவானது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த விதியின்படி முகக் கிரீம்களில் ஆல்ஃபா அர்புட்டின் 2%க்கு மேல் கூடாது. அதைவிட அதிகமாகப் போட்டிருப்பதாகப் பெருமை பேசும் புட்டியை ஒதுக்கிவிடலாம்.

கறையையும் பள்ளத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விரலால் தடவினால் சமமாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால் அது கறை, சீரம் உதவும். தடவும்போதே குழி தட்டுப்பட்டால் அது தழும்பு. அதை எந்த சீரமும் நிரப்பாது.

மங்கு. கன்னத்தின் மேல்பக்கம், நெற்றி, மேலுதடு என்று இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் படர்கிற பழுப்புத் திட்டு. கர்ப்ப காலத்தில் பெண்களுக்கு வருவது அதிகம், வெயிலில் வேலை பார்க்கும் ஆண்களுக்கும் வரும். டிரானெக்சாமிக் அமில சீரம் இதற்குப் பயன்படும். ஜப்பானில் ஒக்காமோட்டோ தம்பதி இரத்தப்போக்கை நிறுத்தக் கண்டுபிடித்த மருந்து இது. மங்கையும் மட்டுப்படுத்துவது பின்னால்தான் தெரியவந்தது. நியாசினமைடோடு சேர்ந்தே பல சீரங்களில் வருகிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மங்கைக் கிளப்புவது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். வெறும் வெள்ளை சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைச் சரியாகத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு விலைக்கு சீரம் வாங்கினாலும் மங்கு திரும்பத் திரும்ப வரும்.

களையிழந்த முகம். வைட்டமின் சி பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. அதன் நேரடி வடிவமான எல்-அஸ்கார்பிக் அமிலம் வேலை செய்ய, புட்டிக்குள் பிஹெச் 3.5க்குக் கீழே இருந்தாக வேண்டும், அதாவது நல்ல புளிப்பு. ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழுவினர் 2001இல் பன்றித் தோலில் செய்த ஆய்வில், 20%ஐத் தாண்டினால் தோலுக்குள் இறங்கும் அளவு மேலும் கூடுவதில்லை என்று கண்டார்கள். 2005இல் அதே குழு 15% வைட்டமின் சியும் 1% வைட்டமின் இயும் உள்ள கலவையில் 0.5% ஃபெரூலிக் அமிலத்தைச் சேர்த்தபோது, வெயிலுக்கு எதிராக அந்தக் கலவை தந்த பாதுகாப்பு இரண்டு மடங்கானது. இன்று பல நிறுவனங்கள் பின்பற்றுவது அந்தக் கலவையைத்தான்.

நமக்குச் சிக்கல் இரண்டு. அந்தப் புளிப்பு எரிச்சல் தரும். அப்புறம், வெக்கையில் அது சீக்கிரம் கெட்டுப்போகும். புதுப் புட்டியில் சீரம் தண்ணீர் போலவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது, முகத்திலும் மஞ்சள் கறை பிடிக்கும். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த புட்டி வெகு சீக்கிரம் இந்த நிலைக்கு வந்துவிடும். ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். தோல் கொஞ்சம் சென்சிட்டிவ் என்றால் எதைல் அஸ்கார்பிக் அமிலம், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் போன்ற சாதுவான வடிவங்களை வாங்குங்கள். பலன் மெதுவாகத்தான் வரும், ஆனால் முகம் எரியாது. எலுமிச்சைச் சாற்றை நேரடியாகத் தேய்ப்பது வைட்டமின் சி சீரத்துக்கு மாற்று இல்லை. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கறுத்துவிடும்.

வறட்சி. ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் ஹையலுரானிக் அமிலம், பாந்தெனால், ஈரம் போகாமல் காக்கும் ஸ்குவாலேன், செராமைடு. ஹையலுரானிக் அமிலத்தை ஈர முகத்தில் தடவி, உடனே மேலே மாய்ஸ்சரைசர் போட வேண்டும். ஏசி அறையில் அதை மட்டும் தடவிக்கொண்டு உட்கார்ந்தால் முகம் முன்பைவிட இழுக்கலாம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இருப்பவர்களுக்கு செராமைடு உள்ளது கூடுதலாக உதவும்.

சுருக்கம், தளர்வு. ரெட்டினால். இது ஏ வைட்டமின் குடும்பம். தோலுக்குள் போய் ரெட்டினாயிக் அமிலமாக மாறி வேலை செய்கிறது. 0.1%இல் தொடங்குங்கள், இரவில் மட்டும், வாரம் இரண்டு நாள். முகப் பொருட்களில் 0.3%க்கு மேல் கூடாது என்பதும் அதே 2024ஆம் ஆண்டு ஐரோப்பிய விதி. முப்பதுக்கு முன்னால் சுருக்கத்துக்கென்று இதைத் தொட அவசரமே இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாலைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

எளிதில் சிவந்து எரியும் தோல். வல்லாரையிலிருந்து எடுக்கும் மேடகாஸோசைடு, பாந்தெனால், குறைந்த அளவு நியாசினமைடு. இறந்த செல்களை நீக்க ஆசைப்பட்டால் கிளைகாலிக் அமிலத்தின் பக்கம் போகாமல் மாண்டெலிக் அமிலத்தை எடுங்கள். கிளைகாலிக்கின் மூலக்கூறு மிகச் சிறியது, சட்டென்று ஆழமாக இறங்கிவிடும். மாண்டெலிக் அதைவிடப் பெரியது, மெதுவாக இறங்கும், எரிச்சல் குறைவு. மாநிறத் தோலுக்குப் பொதுவாகவே அமிலங்களில் என் தேர்வு இதுதான்.

நான்காம் படி: புட்டியைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கப் பட்டியலில் பொருட்கள் அளவின்படி இறங்குவரிசையில் இருக்கும். 1%க்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். ‘குங்குமப்பூ சீரம்’ என்று முன்னால் எழுதியிருக்கும். பின்னால் பார்த்தால் தண்ணீர், கிளிசரின், கெட்டிப்படுத்தும் பொருள், ஃபீனாக்ஸிஎத்தனால் எல்லாம் வந்த பிறகு கடைசியில் குங்குமப்பூ இருக்கும். ஃபீனாக்ஸிஎத்தனால் கெட்டுப்போகாமல் காக்கும் பொருள், விதிப்படி 1%ஐத் தாண்டக் கூடாது. எனவே அதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் துளியளவு என்று எடுத்துக்கொள்ளலாம். சாலிசிலிக், ரெட்டினால் போன்றவை துளியளவிலேயே வேலை செய்யும் என்பதால் அவை மட்டும் விதிவிலக்கு.

வாசனைப் பொருள், லிமோனீன், லினலூல், எலுமிச்சை எண்ணெய், லாவெண்டர் எண்ணெய் என்று கண்ணில் பட்டால், எரியும் தோல் உள்ளவர்கள் புட்டியைத் திரும்ப வைத்துவிடலாம். திறந்த டப்பா படத்துக்குள் 6எம் அல்லது 12எம் என்று இருப்பது திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பது. திறந்த தேதியைப் புட்டியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

விலையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 2016இல் கனடாவில் தொடங்கிய தி ஆர்டினரி, பொருளையும் சதவீதத்தையும் முன்பக்கத்திலேயே அச்சடித்துக் குறைந்த விலைக்கு விற்றது. இந்திய நிறுவனங்கள் பலவும் அதே வழியில் வந்ததால் இப்போது 30 மி.லி. நல்ல நியாசினமைடு சீரம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. நியாசினமைடுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது வீண். வைட்டமின் சியில் மட்டும் புட்டியும் தயாரிப்பும் முக்கியம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: தொடங்கும் விதம்

முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு, தொடர்ந்து ஐந்து நாள். ஒன்றும் ஆகாவிட்டால் காதுக்குக் கீழே, தாடையோரம் மூன்று நாள். அதற்கப்புறம்தான் முகம். ஒரு சீரம் தொடங்கி நான்கு வாரம் ஆகும்வரை இன்னொன்றைத் தொடாதீர்கள். தொட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது.

என் சித்தி மகள் கல்லூரி முதல் வருஷத்தில் காலையில் சாலிசிலிக், இரவில் கிளைகாலிக், அதன் மேலேயே ரெட்டினால் என்று மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினாள். பரு அடங்கியது. ஆனால் மூக்கின் இரண்டு பக்கமும் வாயோரமும் உரிய ஆரம்பித்து, உரிந்த இடமெல்லாம் பழுப்புத் திட்டாகிவிட்டது. பரு விட்ட கறை போன பிறகும் அந்தத் திட்டு நின்றது. முகத்தை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போனாள் அந்தப் பெண். இப்படி ஒரு பிள்ளைக்கும் நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சேர்க்கும் விஷயத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும். நியாசினமைடு எதோடும் சேரும். வைட்டமின் சியோடு சேரக்கூடாது என்பது பழைய பயம். ரெட்டினாலும் அமிலங்களும் ஒரே இரவில் வேண்டாம். பருவுக்குத் தடவும் பென்சாயில் பெராக்ஸைடு வைட்டமின் சியைக் கெடுத்துவிடும் என்பதால் ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தடவும் வரிசை எளிது. காலையில் முகம் கழுவி, சீரம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இரவில் முகம் கழுவி, சீரம், மாய்ஸ்சரைசர். முழு முகத்துக்கு நாலைந்து சொட்டு. சொட்டுக்குழலை முகத்தில் தொடாமல் உள்ளங்கையில் விட்டு எடுங்கள், இல்லையென்றால் முகத்து அழுக்கு புட்டிக்குள் போகும். ரெட்டினாலும் அமிலங்களும் நன்றாகக் காய்ந்த முகத்தில்தான். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நிறையும் அளவு. அது முடியாது என்றால் அமிலமும் ரெட்டினாலும் வாங்காதீர்கள், நியாசினமைடோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பொறுமையும், நிறுத்த வேண்டிய நேரமும்

மேல்தோல் முழுதாகப் புதுப்பித்துக்கொள்ள இளவயதில் ஏறக்குறைய நான்கு வாரம், வயது கூடக் கூட இன்னும் அதிகம். எனவே பருவுக்கு எட்டு வாரம், கறைக்குப் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். தினமும் கண்ணாடியில் தேடாதீர்கள். மாதம் ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம், அதே பக்கம் என்று ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

சாலிசிலிக், ரெட்டினால் தொடங்கியதும் வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே கொஞ்சம் கூடுதலாக வந்து ஆறு வாரத்துக்குள் அடங்கினால் பயமில்லை. இதுவரை பருவே வராத இடத்தில் வருவதும், எரிவதும், வெறும் தண்ணீர் பட்டாலே குத்துவதும் ஒவ்வாமை அல்லது எரிச்சலின் அறிகுறி. அன்றே நிறுத்திவிட்டு இரண்டு வாரம் ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும்.

சீரத்தால் ஆகாதவை

மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் ‘சிவப்பழகு’ டியூப்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒரே வாரத்தில் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, முடி முளைத்து, நிறுத்தினால் எரியும். ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இலேயே இந்திய அரசு விதியை இறுக்கியது, ஆனாலும் கிடைக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்ற பெயர் இருந்தால் அது அழகுப் பொருள் இல்லை, மருந்து. தயாரிப்பாளர் முகவரியே இல்லாத வெளிநாட்டுக் கிரீம்களில் பாதரசம் இருப்பதும் உண்டு. அவற்றைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது கேரளத்தின் மலப்புரத்தில் 2023இல் வெளிவந்தது. இவற்றை ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் சீரம் வாங்கித் தாங்களே சரிசெய்யப் பார்க்காமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கும் இல்லை, வெயிலும் இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாகவே அது பெரும்பாலும் வரும். தேய்த்துத் தேய்த்துக் கழுவாமல் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். தாடையோரம் மட்டும் ஆழமான வலிக்கும் பரு, கூடவே மாதவிலக்குத் தள்ளிப்போவது என்றால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை, ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, புறநோயாளியாகப் போய்ப் பார்க்கலாம். போகும்போது இப்போது முகத்தில் போடும் எல்லாப் புட்டியையும் டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லும்போது பாதி பெயர் விட்டுப்போகும்.